புள்ளிக்கோட்டில் இருபத்தாறு மாகாணங்கள்

போன மாதம் டுசல்டோர்ஃபில் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் சென்னைப் பொடியன் ஒருவன் இருந்தான். கார்களுக்கு வழிகாட்டுகிற மின்வரைபடங்கள் செய்யும் கம்பனியில் வேலையாம். நானும் தேசப்படம் கீறியே பிழைத்தவன், இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன் என்று சொன்னதும் அவனுக்குப் பெரிய சந்தோசம்.

"அங்கிள், அப்பல்லாம் ஒரு நாட்டுல மாகாணம் எல்லாம் மாறிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? இப்ப நாங்க ஒரு அப்டேட் போட்டா அவ்ளோதான், எல்லா வண்டியிலயும் மாறிடும்."

"நல்லம் தம்பி" என்று சொல்லிவிட்டு வடையைச் சாப்பிட்டேன். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அதைப் பந்தியில் இருந்து சொல்லி முடிக்க ஏலாது. வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி மண்டைக்குள் கிடந்து அரித்தது. டோர்ட்மண்ட் தமிழ்ப் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று ஆசிரியைமார் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, இதையே எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். வீரக் கதை எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். எனக்கு இப்போது களைப்புத்தான் மிச்சம்.

கொழும்பு நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு அந்த வேலையும் போனது, வாடகைக்கு இருந்த வீடும் போனது. ஜேர்மனிக்கு வந்து முகாமில் இருந்ததும் உணவகத்தில் கோப்பை கழுவியதும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைவாய்ப்புக் கந்தோரில் இருந்த ஒரு அம்மாதான் என் பழைய தொழிலைக் கேட்டுவிட்டு, டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய ஒரு சிறிய ஊருக்கு என்னை அனுப்பினார். பள்ளிக்கூடங்களுக்குச் சுவர்ப்படம் செய்யும் கம்பனி அது. பின்னால் சீலை ஒட்டி, மேலும் கீழும் மரத்தடி பூட்டி, சுருட்டி வைக்கிற பெரிய படங்கள். போனவுடன் கையில் ஒரு ஊசியையும் மெழுகு பூசிய பிலிமையும் தந்து, நோர்வே நாட்டின் கரையைக் கீறச் சொன்னார்கள். அந்தக் கரை எப்படிக் கிழிந்து கிடக்கும் என்பது கீறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பின்னேரம் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

என்னைப் போட்டது திருத்தப் பகுதியில். உலகத்தில் எங்கே எது மாறினாலும் பழைய படத்தில் அதைத் திருத்துவது எங்கள் வேலை. அதற்குத் தலைவர் ஹெர் வீகாண்ட். ஹெர் என்றால் இங்கே திரு. மெலிந்த மனிதர், கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலை இடைவேளையில் ஒரு ஆப்பிளைத் தோல் அறாமல் சீவி, அந்தத் தோலையும் சாப்பிடுவார். ஏன் பிறகு சீவுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சிலைக் கூர் தீட்டத் தொடங்குவார். பென்சில் சின்னதாகப் போகப் போக எங்களுக்குப் பயம் கூடும். புத்தகம் போலக் கதைக்கிற ஆள் என்பதால் அவர் பேச்சு எனக்கு எழுத்துத் தமிழிலேயே ஞாபகம் வருகிறது.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரு நாடு தன் மாகாணங்களை மாற்றிவிட்டது என்று செய்தி வரும். அரசாங்க அறிவிப்பின் பிரதியும் வரும். நாங்கள் கோட்டைக் கீற ஆயத்தமாவோம். அவர் கேட்பார்: "ஆளுநர் எங்கே உறங்குகிறார்?"

புதுத் தலைநகர் என்று காகிதத்தில் சொல்லப்பட்ட ஊரில் ஆளுநர் என்று ஒருவர் வந்து, கட்டில் போட்டு, உறங்கி எழும்ப வேண்டும். அப்போதுதான் அந்த ஊருக்கு எங்கள் படத்தில் இரட்டை வட்டம். அதுவரை அது மற்ற ஊர்களைப் போல ஒற்றை வட்டம்தான். இதைத் தூதரகத்தில் கேட்கக் கூடாது, அவர்கள் காகிதத்தையே திருப்பி வாசிப்பார்கள் என்பார். ஆகவே அந்த ஊரில் உள்ள ஹோட்டலுக்கோ, தேவாலயத்துக்கோ தொலைபேசி எடுப்பார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு நான் எடுப்பேன். ஒருமுறை நைஜீரியாவில் ஒரு ஹோட்டல்காரர் நாங்கள் ஆளுநருக்குத்தான் அறை கேட்கிறோம் என்று நினைத்து, வெள்ளையடித்து வைக்கிறேன், கட்டாயம் வரச் சொல்லுங்கள் என்றார். ஆளுநர் அங்கே உறங்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வீகாண்ட் தன் விதியைத் தனக்கும் வைத்திருந்தார். அவர் பிறந்தது கிழக்கு ஜேர்மனியில். தொண்ணூறாம் ஆண்டு இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றானபோது நடுவில் இருந்த எல்லையை எல்லாப் பிலிமிலிருந்தும் எடுக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் முதல் வருடம் பேர்லின் சுவர் விழுந்த உடனேயே தொடங்கலாம் என்றோம். "பொறுங்கள்" என்றார். சட்டப்படி ஒன்றான பிறகுதான் தூரிகையை எடுத்தார். அந்த ஒரு கோட்டை மட்டும் வேறு ஒருவரையும் தொடவிடவில்லை, பிலிமில் வெளிச்சம் விடுகிற அந்தக் கீறலைத் தானே இருந்து கறுப்பு மை தடவி அடைத்தார். முடிந்ததும் கை கழுவப் போனவர் கனநேரம் வரவில்லை. எனக்கு அவரில் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனி கொங்கோவுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றேழில் சாயிர் என்று இருந்த நாடு திரும்பவும் கொங்கோ ஆனது. எங்கள் கிட்டங்கியில் ஆபிரிக்காப் படங்கள் அச்சடித்து, சீலையும் ஒட்டி, அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாவற்றையும் எறிய முதலாளிக்கு மனம் வரவில்லை. புதுப் பெயர்களைச் சின்னத் துண்டுகளில் அச்சடித்துப் பழைய பெயருக்கு மேல் ஒட்டுவது என்று முடிவானது. சாயிருக்கு மேல் கொங்கோ, ஷாபாவுக்கு மேல் கட்டங்கா, 'மேல் சாயிர்' என்ற மாகாணப் பெயரின் மேல் 'கிழக்கு மாகாணம்'. ஒட்டுவதற்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். வந்தவர் அகுஸ்டின். அந்த நாட்டு மனிதர் என்பது வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

நல்ல உயரம், பெரிய கை, ஆனால் அந்தச் சின்னத் துண்டுகளை ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டுவார். முதல் நாள் கட்டங்காத் துண்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது ஜேர்மன் மொழியில். எங்கள் தமிழில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

"நான் பிறந்தது கட்டங்கா. பள்ளிக்கூடம் போனது ஷாபா. இப்ப திரும்பவும் கட்டங்காவாம். நான் ஒரே வீட்டிலதான் இருந்தனான்."

ஒட்டுவேலை முடிந்த பிறகும் அவரைச் சீலை ஒட்டுகிற பகுதியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே தமிழ்ப் பொடியன் ஒருவன் வேலை செய்தான். அவன் என்னை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு அகுஸ்டினும் அண்ணை என்று கூப்பிடப் பழகினார். அதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டார்.

அவரிடம் இருந்துதான் அந்த நாட்டு மாகாணங்களின் கதையைக் கேட்டேன். சுதந்திரம் கிடைத்த நேரம் ஆறு மாகாணம். இரண்டு மூன்று வருடத்தில் அதை இருபத்தொன்றாக வெட்டினார்கள். பிறகு ஒரு தளபதி ஆட்சிக்கு வந்து, இத்தனை துண்டு வேண்டாம் என்று பன்னிரண்டாக்கி, அதையும் எட்டாகக் குறைத்தார். பெயர்களையும் மாற்றினார். பிறகு கீவு என்ற மாகாணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தலைநகரையும் சேர்த்துப் பதினொன்று என்று வந்து நின்றது. நான் இதையெல்லாம் பழைய பிலிம்களை அடுக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தொழிலுக்கு அது சுவாரசியம். அகுஸ்டினுக்கு அதில் சுவாரசியம் ஒன்றும் இருக்கவில்லை.

அவருடைய தகப்பன் கசாய் மாகாணத்து ஆள். செப்புச் சுரங்க வேலைக்கு என்று கட்டங்காவுக்கு வந்து, லிகாசி என்ற ஊரில் குடியேறியவர். பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் பிறந்தார்கள். கசாய் எப்படி இருக்கும் என்று அகுஸ்டின் கண்டதே இல்லை. தொண்ணூற்றிரண்டில் ஊரில் ஒரு குரல் எழும்பியது. "கசாய்க்காரர் உங்கட மாகாணத்துக்குப் போங்கோ." வீடு வீடாக வந்து கலைத்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் ரயில் நிலையத்தில் வெறும் தரையில் கிடந்தது. எப்போது ரயில் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அகுஸ்டினின் தாய் அந்த நிலையத்திலேயே செத்துப்போனா. "ரயில் வந்தது. அம்மா ஏறேல்ல" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. எண்பத்து மூன்றில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏற்றி அனுப்பின கதை எங்களுக்கும் இருக்கிறதுதானே.

அவர் அங்கிருந்து எப்படியோ ஜேர்மனிக்கு வந்தார். தங்கச்சி மட்டும் சண்டை தணிந்த பிறகு புருசனோடு லிகாசிக்கே திரும்பிப் போய்விட்டா. தையற்கடை வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. "பிறந்த ஊரை விட்டிட்டு வேற எங்க போறது எண்டு கேக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி அவவோடு கதைப்பார். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்தே தங்கச்சி வீடு சுகமா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் கொங்கோவுக்குப் புது அரசியலமைப்பு வந்தது. அதில் பதினொன்றை இருபத்தாறாக்குவது என்று எழுதியிருந்தார்கள். உடனே அல்ல, சில வருட அவகாசத்தில். ஒவ்வொன்றுக்கும் பெயரும் இருந்தது. கட்டங்கா மட்டும் நாலு துண்டு.

சரியாக அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு பெரிய ஓடர் வந்தது. ஒரு உதவி நிறுவனம் கொங்கோவின் பள்ளிக்கூடங்களுக்குப் பிரெஞ்சு மொழியில் நாட்டின் சுவர்ப்படம் கேட்டது. அந்தக் காலத்தில் ஜேர்மன் பள்ளிக்கூடங்கள் சுவர்ப்படம் வாங்குவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டன, எல்லாரும் திரையில் ஒளிபாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஓடர் கிடைக்காவிட்டால் திருத்தப் பகுதியை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அறுபதைத் தாண்டிய என்னை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? இரவில் நித்திரை வராமல் கமலாவோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். கமலா என் மனைவி.

ஓடர் தந்தவர்கள் கேட்டது இருபத்தாறு மாகாணம். விற்பனைப் பகுதித் தலைவி ஃபிராவ் லோமன் எங்கள் அறைக்கு வந்தார். அந்த அம்மா கெட்டவ இல்லை, எங்களைக் காப்பாற்றத்தான் ஓடித் திரிந்தவ.

"ஹெர் வீகாண்ட், சட்டத்திலயே இருபத்தாறு எண்டு எழுதிக்கிடக்கு. நாங்கள் பதினொண்டு போட்டுக் குடுத்தா ரெண்டு மூண்டு வருசத்தில படம் பழசு. அவை ஏன் வாங்க வேணும்?"

வீகாண்ட் பென்சிலை எடுத்தார். "ஆளுநர் எங்கே உறங்குகிறார்?"

"இன்னும் ஒருத்தரும் உறங்கேல்ல. உறங்குவினம்."

"அப்படியானால் உறங்கிய பிறகு கீறுவோம்."

"அதுக்கிடையில நாங்கள் எல்லாரும் வீட்டில போய் உறங்கவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனா.

வீகாண்ட் கொல்வேசி என்ற ஊரில் ஒரு பாதிரியாரைத் தொலைபேசியில் பிடித்தார். புது மாகாணம் ஒன்றின் தலைநகராக வரவேண்டிய ஊர் அது. பாதிரியார் சிரித்தாராம். ஆளுநர் எப்போதும்போல கட்டங்காவின் தலைநகர் லுபும்பாஷியில்தான் இருக்கிறார், இங்கே அவருக்கு வீடும் இல்லை, வீடு வரைக்கும் போக ரோட்டும் இல்லை என்றாராம். வீகாண்டுக்கு அது போதும். எங்களுக்குத்தான் போதவில்லை.

அந்தக் கிழமை அகுஸ்டின் என்னைத் தேடி மேலே வந்தார். அவர் எங்கள் மாடிக்கு வருகிறவரல்ல. கையில் ஒட்டுப்பசை காயாமல் இருந்தது.

"அண்ணை, அந்தக் கோடுகளைப் போடாதேங்கோ."

"அது என்ர கையில இல்லை அகுஸ்டின்."

"உங்கட கைதானே கீறுறது. கேளுங்கோ. கட்டங்கா பெரிசா இருக்கேக்கை எல்லாச் சனமும் கலந்து கிடக்குது. அதை நாலா வெட்டினா ஒவ்வொரு துண்டுக்கும் ஆர் சொந்தக்காரன் எண்டு கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தா எங்கட ஆக்கள் ஸ்டேஷனுக்குத்தான் போகவேணும். தங்கச்சி அங்க இருக்கிறாள்."

"உங்கட நாட்டுப் பாராளுமன்றம் எழுதினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? இஞ்ச ஜேர்மனியில கீறுற படத்தால அங்க ஒண்டும் நடக்காது."

"ஒண்டும் நடக்காது எண்டா அதை ஏன் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய்த் தொங்கவிடினம்?"

எனக்கு எரிச்சல் வந்தது. பதில் தெரியாதபோது எனக்கு அதுதான் வரும். "நீர் போய் வேலையைப் பாரும், நான் கேட்டுப் பாக்கிறன்" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே ஐப்பசியில் எங்கள் நாட்டிலிருந்து செய்தி வந்தது. வடக்கு மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் ஒன்றாக இணைத்தது செல்லாது என்று கொழும்பில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் வடக்கில் யாழ்ப்பாணம், கமலா கிழக்கில் திருகோணமலை. அவ சமையலறையில் நின்றபடி, "அப்ப இனி நான் வேற மாகாணமோ? உங்களோட குடும்பம் நடத்த ஒரு அன்றாக் போட வேணுமோ?" என்று கேட்டா. அன்றாக் என்றால் இங்கே கந்தோருக்கு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பம். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அவவும் சிரிக்கவில்லை, கறியைக் கிளறிக்கொண்டே நின்றா.

தை பிறந்ததும் தெற்காசியப் படத்தைத் திருத்த வேண்டியிருந்தது. வீகாண்ட் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஹெர் சிவநாதன், இந்தக் கோட்டை வேறொருவர் கீறட்டுமா?"

"இல்லை. நான் கீறுறன்."

அவர் தலையசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். கொக்கிளாய்க் கடல்நீரேரியில் தொடங்கி உள்ளே போகிற கோடு. அப்போது எல்லாம் கணினியில்தான், ஊசி பிடிக்கவும் தேவையில்லை. கமலாவின் ஊர் அந்தப் பக்கம் போனது, என் ஊர் இந்தப் பக்கம் நின்றது. அந்தப் படத்தில் எங்கள் தீவு இருக்கும் அளவுக்கு அது ஒரு நகக்கண் நீளம் வரும். நான் அழவில்லை. ஆனால் அகுஸ்டின் அன்றைக்கு என்னிடம் கேட்டது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் வீகாண்டிடம் போய் லிகாசிக் கதை முழுவதையும் சொன்னேன். ரயில் நிலையம், தாய், தங்கச்சி, எல்லாம். அவர் பென்சிலைத் தொடவில்லை. கடைசியில், "நாங்கள் மனிதர்களின் பயத்தைப் பார்த்தும் கீற முடியாது, விற்பனைப் பகுதியின் ஆசையைப் பார்த்தும் கீற முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது" என்றார்.

அந்த வழி புள்ளிக்கோடு. அந்த மாதம்தான் பழைய மாகாணங்களுக்கே புது ஆளுநர்களைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆகவே பதினொன்றும் கெட்டிக்கோட்டில், நிறம் பூசி, பெரிய எழுத்தில். வரப்போகும் எல்லைகள் அதற்குள்ளே மெல்லிய சாம்பல் புள்ளிகளாக, பெயர்கள் சின்னச் சரிவெழுத்தில். கீழே விளக்கக் கட்டத்தில் தெளிவாக: திட்டமிடப்பட்டவை, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஃபிராவ் லோமன் இதை ஓடர்காரரிடம் கொண்டுபோய்ச் சம்மதம் வாங்கிவந்தா. இருபத்தாறு பெயரும் இருந்ததால் அவர்களுக்குத் திருப்தி. நிறம் மாறாததால் வீகாண்டுக்குத் திருப்தி. பகுதி தப்பியது. அன்றைக்கு வீகாண்ட் எங்களுக்கெல்லாம் கேக் வாங்கித் தந்தார். அப்படி ஒரு காரியம் அவர் செய்து நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

புள்ளிகளை நான்தான் போட்டேன். சாம்பல் நிறத்தை எவ்வளவு மங்கலாக்கலாமோ அவ்வளவு மங்கலாக்கினேன். முதல் பிரதி அச்சாகி வந்ததும் கீழே கொண்டுபோய் அகுஸ்டினுக்குக் காட்டினேன். அவர் குனிந்து கட்டங்காவைக் கனநேரம் பார்த்தார்.

"புள்ளி எண்டா இன்னும் வரேல்ல எண்டுதானே அர்த்தம்?"

"ஓம். இந்தா, கீழ எழுதிக்கிடக்கு."

"சரி அண்ணை" என்றார். பிறகு அந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் சீலை ஒட்டி, தடி பூட்டி, சுருட்டிக் கட்டினார். ஒன்றிலும் ஒரு சுருக்கம் இல்லை.

அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. அடுத்த வருடம் வீகாண்ட் ஓய்வு பெற்றார். நாங்கள் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய திருத்தப் பகுதியை இந்த வருடம் நான் வெளிக்கிட்ட கையோடு மூடிவிட்டார்கள். கொங்கோவில் இன்றைக்கும், இதை எழுதுகிற இரண்டாயிரத்துப் பத்திலும், பதினொரு மாகாணம்தான். இருபத்தாறு வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை. எப்போதாவது வரலாம். எந்த ஊரில் எந்த ஆளுநர் உறங்குகிறார் என்று தேடிப் பார்க்க இனி எனக்குத் தெம்பு இல்லை.

என் கடைசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அகுஸ்டின் சீலை மேசையில் சாய்ந்தபடி சும்மா நின்றார். வேலை தொடங்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் தங்கச்சி வீட்டில் ஏதோ என்று தெரிந்தது.

"என்ன, சுகமில்லையோ ஆருக்கும்?"

"எல்லாருக்கும் சுகம். எங்கட படம் லிகாசிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுது அண்ணை. தங்கச்சின்ர மகள் படிக்கிற வகுப்பில தொங்குதாம்."

"நல்லதுதானே."

"புள்ளிக்கோடு எண்டு ஒருத்தரும் பாக்கேல்ல."

எனக்கு விளங்கவில்லை. விளக்கக் கட்டத்தில் எழுதியிருக்கிறதே என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். விளக்கக் கட்டத்தை வாசிக்கிறவர்கள் படம் கீறுகிறவர்கள் மட்டும்தான். பாதிரியார் வரைக்கும் தொலைபேசி எடுத்து விசாரித்த நாங்கள், ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை படத்தை எப்படிப் பார்க்கும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. கோடு என்றால் பிள்ளைக்குக் கோடுதான். இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் கிடந்தும் வீகாண்டுக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அகுஸ்டின் சொன்னார். புதுப் படம் வந்த சந்தோசத்தில் ஆசிரியை, புள்ளி வைத்த துண்டுகளையும் மாகாணம் என்றே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கட மாகாணத்தைத் தொட்டுக் காட்டுங்கோ என்று கேட்டாவாம். இளம் ஆசிரியை, நல்லவ, ஒருவரையும் ஏசாதவவாம். மருமகள் எழும்பிப் போய் லிகாசியில் விரலை வைத்தாள். அவள் பிறந்த ஊர், வேறு ஊர் அவள் கண்டதில்லை. ஆசிரியை அவளுடைய குடும்பப் பெயரைக் கேட்டா, அது கசாய்ப் பெயர். பிறகு அந்தச் சின்னக் கையை மெல்லப் பிடித்து, படத்தில் மேலே மேலே நகர்த்திக்கொண்டு போய், கசாயில் வைத்து, "உன்ர இடம் இதம்மா" என்று சொல்லிக் கொடுத்தாவாம். வகுப்பு முழுக்கக் கை தட்டியதாம்.

"தங்கச்சி அழுதவவோ?" என்று கேட்டேன்.

"அவள் அழேல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தன்ர உடுப்புகளை எடுத்து மடிச்சுக் கட்டிலில அடுக்கி வைச்சிட்டு, தாயிட்டப் போய்க் கேட்டிருக்கிறாள், 'அம்மா, எங்களுக்கு எப்ப ரயில்?' எண்டு."